குல்ஜானின் கபுர்

நுகுஸ்
3 ஜூன் 1940

அன்புள்ள பெர்தெபாய் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலம்தான் தெரியவில்லை. மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. நம் துர்த்குலை ஆறு அரித்துத் தின்கிறதென்று தலைநகரை இங்கே மாற்றினார்கள், எங்கள் அலுவலகத்தையும் தூக்கி வந்தார்கள். இருக்க வீடுதான் இல்லை. ஓர் அறையில் ஐந்து பெண்கள், ரொட்டி சுடவும் வரிசை.

அது கிடக்கட்டும். அமு ஆறு சந்தைத் தெருவரை வந்துவிட்டதாமே. வீடு போனால் போகட்டும். முதலில் நம் குல்ஜானை அடக்கிய கபுரைத் தோண்டிக் குழந்தையை இங்கே கொண்டுவாருங்கள். பெரியவர்களிடம் கேட்டுவிட்டேன், ஆறு நெருங்கினால் எடுக்கலாமாம். நாலு வயதுப் பிள்ளை, தண்ணீரைக் கண்டாலே என் பின்னால் ஒளிந்துகொண்டவள்.

உங்கள் ஜமால்

துர்த்குல்
12 ஜூன் 1940

அன்பு ஜமால்,

கோபித்துக்கொள்ளாதே. தினமும் கரையிலிருந்து காலடி வைத்து அளக்கிறேன். கபரஸ்தானுக்கு இன்னும் ஆயிரத்து இருநூறு அடி இருக்கிறது. நம் வீட்டுக்கு முன்னூறுதான். அதனால் முதலில் கூரையைப் பிரிக்கிறேன். மரமே கிடைக்காத அந்த ஊரில் உத்தரமும் கதவும் இல்லாமல் எதை வைத்து வீடு கட்டுவாய்?

வண்டிக்கார எர்நாசருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. "ஏண்ணே, காலால அளந்துக்கிட்டே இருக்கீங்களே, அந்தக் கணக்கை ஆத்துகிட்டயும் சொல்லிட்டீங்களா?" என்கிறான். சிரிக்கட்டும். என் அப்பா காலத்தில் ஆற்றுக்குப் போகக் கழுதை பூட்ட வேண்டும், அவ்வளவு தூரம். அன்று முதல் இதைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை உத்தரங்களை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை குழந்தையை எடுத்துவிடுகிறேன்.

உன் பெர்தெபாய்

துர்த்குல்
17 ஜூன் 1940

ஜமால்,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் மண்வெட்டியோடு போனேன். வெள்ளி மதியமே ஆறு நம் தெருவை விட்டுவிட்டு வடக்கே வெட்டியிருக்கிறது. கபரஸ்தான் வாசல் மட்டும் நிற்கிறது. நம் வீடும் நிற்கிறது ஜமால், கூரை இல்லாமல்.

"போகாதீங்கண்ணே, மண்ணு சரியுது" என்று எர்நாசர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். ஏன் இழுத்தான் என்று இருக்கிறது. நீ முதலிலேயே சொன்னாய், நான் கேட்கவில்லை. பாவி நான். உத்தரங்கள் வந்து சேரும், பின்னாலேயே நானும் வருகிறேன்.

பெர்தெபாய்

நுகுஸ்
2 ஜூலை 1940

பெர்தெபாய் அவர்களுக்கு,

உத்தரங்கள் வந்தன. பத்திரமாகக் கட்டியிருந்தீர்கள், ஒன்றில்கூடக் கீறல் இல்லை. பக்கத்தில் கட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவற்றின் கீழே எனக்குத் தூக்கம் வராது.

எனக்கு ஒரு வீடு கட்டித்தரத்தான் அப்படிச் செய்தீர்கள். அது தெரிந்தும் மனம் இறங்கவில்லை.

அமு எங்கே போய்ச் சேர்கிறதென்று அலுவலக வரைபடத்தில் பார்த்தேன். கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே எழுத்தர் வேலை கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். நாளைப் படகில் போகிறேன். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது.

நீங்கள் வர வேண்டாம்.

பீபிஜமால்