உன் கணினிக்குள் மணி ஒன்று பத்து

உன் லேப்டாப் பையைத் திறந்ததும் வேப்பம் புண்ணாக்கு வாசனை அடித்தது. ஒரு வருஷம் அலமாரியில் கிடந்தும் அது போகவில்லை. உரக்கடைக்காரன் லேப்டாப்பில் பின்னே மல்லிகைப்பூவா மணக்கும் என்று நீ கேட்டிருப்பாய்.

உன் மனைவிதான் வரச்சொல்லியிருந்தாள். கடையை இப்போது அவள் நடத்துகிறாள். உன்னைவிட ஒழுங்காகவே நடத்துகிறாள், கோபித்துக்கொள்ளாதே. சீவலப்பேரியில் டவுன் பஸ்ஸை விட்டு நான் இறங்கியபோது கடை வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வாய்க்கால் முடிகிற கடைமடையில் வயல் வைத்திருக்கிறாரே, அவர்தான்.

"அண்ணாச்சி போனப்புறம் தண்ணி என்னைக்கு வரும்னு சொல்ல ஆளில்லாமப் போச்சு வே. போன கார் வெள்ளாமைக்கு நாத்துப் பாவிட்டு வாய்க்காலையே பாத்துக்கிட்டு இருந்தேன். தண்ணி வாரதுக்குள்ள பாதி கருகிட்டு" என்றார்.

உன் மனைவி பையை என் கையில் தந்தாள். "இத ஒருக்க பாருங்கண்ணே. இந்தக் காருக்குத் தண்ணி தொறக்கதுக்குள்ள இதுல உள்ள தண்ணிக் கணக்கு ஓடிட்டுன்னா நல்லாருக்கும். எல்லாரும் என்கிட்டதான் வந்து கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

கடைக்கு வருகிறவர்கள் விதை கேட்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டதும் அதைத்தான். பாபநாசத்தில் திறந்த தண்ணீர் சேரன்மகாதேவி தாண்டி, திருநெல்வேலி தாண்டி, இங்கே கடைசி வயலுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீ வருஷக்கணக்காக அதைக் குறித்து வைத்திருந்தாய். திறந்த நாள், பாலத்தடியில் தண்ணீர் ஏறிய அளவு, மழை பெய்ததா, கடைமடைக்கு வந்த நாள். நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து பைத்தான் படித்து அத்தனை குறிப்பையும் ஒரு நிரலாக்கினாய். பத்தாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன்! கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிற நான் உருப்படியாக ஒரு நிரல் எழுதியதில்லை என்பதை நீ சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. "நீ கம்ப்யூட்டரத் தொடச்சு வைக்கவன், நான் அதுல எழுதுதவன்லே" என்பாய். வாஸ்தவம்தான்.

கடைக்கு வேண்டிய மென்பொருள் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. அதைக் கலைத்துவிடக் கூடாதே என்று, அதற்குள்ளேயே இன்னொரு கணினியை அமைத்துக்கொண்டாய். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்குள் முழுசாக ஒரு கணினி இருக்கும். அதற்குத் தனிக் கோப்புகள், தனிக் கடிகாரம். அந்தக் கணினிக்குள்ளும் உன் நிரலுக்கென்று ஒரு மெய்நிகர் சூழல், அதற்கு வேண்டிய துணை நிரல் தொகுப்புகளை மட்டும் வைத்துக்கொள்கிற தனி அறை. "வீட்டுக்குள்ள ஒரு வீடு, அந்த வீட்டுக்குள்ள ஒரு அறை. அங்கன போய் உக்காந்துட்டேம்னா ஒருத்தன் தொல்ல கிடையாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். மதிய நேரத்தில், மின்விசிறி மெல்லச் சுற்ற, பின்பக்கம் வாய்க்கால் சத்தம் கேட்க, நீ அதற்குள் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நான் மூட்டைமேல் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். விழிக்கும்போது எந்த வீட்டில் இருக்கிறோம் என்று ஒரு கணம் எனக்கே தெரியாது.

உள்ளே இருக்கிற அந்தக் கணினியை நீ ஒருநாளும் அணைத்ததில்லை. எழுந்து போகும்போதெல்லாம் அப்படியே நிறுத்தி வைத்துவிடுவாய். மறுநாள் திறந்தால் விட்ட எழுத்திலிருந்து தொடரும். "அணைக்காதலே, உறங்கட்டும். எழுப்புனா எழும்பிரும்."

அந்தக் கடைசி நாள் காலையில் நீ எனக்குப் போன் செய்தாய்.

"பழைய அறைய இடிச்சுட்டேம்லே. புதுசு கட்ட வர மாட்டேங்கு. அனுமதி இல்ல, அனுமதி இல்லன்னே சொல்லுது."

ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. "சாயங்காலம் வாரேன்" என்றேன்.

"பைய வா. எங்கயும் ஓடியா போகப்போகுது?"

சாயங்காலம் வந்தேன். சொன்ன சொல் தவறவில்லை. உன் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

இப்போது கடையின் பின்னறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். உள் கணினியை எழுப்பினேன். நீ சொன்னது போலவே எழும்பிவிட்டது. ஒரே கட்டளையை ஏழு முறை அடித்திருக்கிறாய், ஏழு முறையும் அதே மறுப்பு. ஏழாவதற்குக் கீழே சுட்டி மினுங்கிக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தது. நீ கை கழுவப் போயிருக்கிறாய், இதோ வந்துவிடுவாய் என்று தோன்றியது. பொய் என்று தெரிந்தும் அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. அதைக் கலைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

கோளாறு என்னவென்று பார்த்ததும் புரிந்தது. அறையை நீ பகிர்வுக் கோப்புறையில் கட்டப் பார்த்திருக்கிறாய். வெளிக் கணினிக்கும் உள் கணினிக்கும் பொதுவான இடம் அது. ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புப் போட்டுத்தான் அந்தச் சூழல் உருவாகும். பொது இடத்தில் அப்படி இணைப்புப் போட அனுமதி கிடையாது. அங்கே ஏன் கட்டினாய் என்பதும் எனக்குத் தெரியும். பென் டிரைவில் போட்டு, பஸ் ஏறி, அறையோடு பெயர்த்து எடுத்துவந்து என் ஆய்வகத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும் உனக்கு. பெரிய ஆளப்பா நீ! அறையைப் பெயர்க்க முடியாது. போகிற இடத்தில் புதிதாகத்தான் கட்டவேண்டும். எந்தெந்தத் தொகுப்புகள் வேண்டும் என்கிற பட்டியலைக் கொண்டுவந்தால் போதும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டேன். சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்றில்லை, அந்த அளவுக்கு நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனால் ஏழு முறை தோற்ற முகத்தோடு சாப்பிடப் போயிருக்க மாட்டாய்.

உள் கணினியின் சொந்தக் கோப்புறையில் அறையைக் கட்டினேன். உடனே வந்துவிட்டது. உன் பட்டியலைக் கொடுத்துத் தொகுப்புகளை இணையத்திலிருந்து இறக்கச் சொன்னேன். இறங்கவில்லை. அந்த இணையதளம் தன்னை நிரூபிக்கக் காட்டுகிற சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை என்றது. இணைய இணைப்பைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். ஏழைத் தாண்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உன் மனைவி டீ கொண்டுவந்தாள். வைத்துவிட்டுத் திரையின் மூலையை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல மணி தப்பால்லா காட்டுது?"

அப்போதுதான் நான் பார்த்தேன். போன வருஷத் தேதி. அந்தத் தேதி. ஒன்று பத்துக்கு நீ உறங்கவைத்தாய், நான் எழுப்பினேன். அதற்கு இடையில் ஒரு வருஷம் போனது அதற்குத் தெரியாது. தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியை நீ எப்போதோ அணைத்திருக்கிறாய், ஏன் என்று கேட்க வழியில்லை. அந்த மதியத்தில் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிறகு எப்படி நம்பும்? தேதியை இன்றைக்கு மாற்றினால் எல்லாம் இறங்கிவிடும்.

கை போகவில்லை. உலகத்தில் வேறெங்கும் நீ இல்லை, அந்தச் சின்ன ஜன்னலுக்குள் மட்டும் உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். இப்படியே மறுபடி உறங்கவைத்துவிட்டால் என்ன? தண்ணீர் வருகிறபோது வரட்டும், கடைமடைக்காரர் வேறு யாரையாவது கேட்கட்டும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்கும் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்த எண்களையே பார்த்தாள். உள்ளே மணி ஒன்று ஐம்பத்தாறு.

"இப்பதான் கை கழுவிட்டு எந்திரிச்சாவ. மோர் கேட்டாவ" என்றாள்.

ஐம்பத்தேழு. உறங்கவைக்கும் பொத்தானுக்குச் சுட்டியைக் கொண்டுபோனேன். அவள் என் தோளைத் தொட்டாள்.

"வேண்டாம்ணே. தேதிய மாத்திருங்க. அதுக்கு ரெண்டு மணி ஆக வேண்டாம்."

மாற்றினேன். ஒரு வருஷம் ஒரே தட்டலில் போனது. தொகுப்புகள் வரிசையாக இறங்கத் தொடங்கின. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தேன்.

அடுத்த வாரம் தண்ணீர் திறந்தார்கள். கடைமடைக்கு வெள்ளிக்கிழமை வரும் என்றது உன் நிரல். விவசாயிகளுக்காக நீ வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் அவள்தான் அதை அறிவித்தாள். தண்ணீர் சனிக்கிழமை வந்தது. கடைமடைக்காரர் போன் செய்து, "அண்ணாச்சி கணக்கு ஒரு நாள் தப்பிட்டு வே. ஆனா நாத்து பச்சப்பசேல்னு நிக்கி" என்றார். உனக்குச் சொல்லி உன்னை வெறுப்பேற்ற வேண்டும் போல இருந்தது. ஒரு நாள் தப்பியதற்கு ஆயிரம் காரணம் சொல்வாய்.

அந்தச் சனிக்கிழமையை உன் பதிவில் நான்தான் ஏற்றினேன். நீ பார்க்காத தண்ணீர் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. இனி ஒவ்வொரு கார் பருவத்துக்கும் பிசானப் பருவத்துக்கும் நான் ஏற்றுவேன், நிரல் பைய பையத் திருந்திக்கொள்ளும். இப்போது ஆய்வகத்தில் என்ன வேலை இருந்தாலும், யார் கூப்பிட்டு என்ன கோளாறு என்றாலும், நின்ற இடத்திலேயே கேட்டுவிடுகிறேன். சாயங்காலம் வருகிறேன் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.