நான் ஏறாத பஸ்

யூலை 1983, புதன் இரவு. கண்டி.

தமிழருக்கு எதிரான கலவரம் இங்கேயும் வந்துவிட்டது. மாலையில் ஆயர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நாளை இராணுவக் காவலோடு யாழ்ப்பாணத்துக்கு பஸ் போகிறது, நானும் அதில் ஏற வேண்டும் என்றார். மறைமாவட்டத்தில் தமிழ்க் குருக்கள் சிலர்தான் இருக்கிறோம். எங்களில் ஒருவரையும் இழக்க அவருக்கு மனமில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

கீழே ஆயர் இல்ல மண்டபத்தில் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துச் சனம் படுத்திருந்தது. அவர்கள் குடியிருந்த லயத்துக்குக் கலவரக்காரர் தீ வைத்ததும் ஓடிவந்த என் பங்கு மக்கள். அவர்களில் மரியாயி என் பையைப் பார்த்தாள்.

“சாமியும் போறீங்களா? யாழ்ப்பாணத்துல எங்களுக்கு யாரு இருக்கா?”

பையோடு திரும்பவும் மேலே ஆயரிடம் போனேன்.

“ஆண்டகை, நான் போகேல்லை.”

ஆயர் சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

“ஃபாதர், இது என் கட்டளை.”

“ஓம், தெரியும்.”

எழுந்து வந்து என் பையை வாங்கிக் கீழே வைத்தார்.

“சரி. ஞாயிறு பூசைய மண்டபத்திலேயே தமிழ்ல வைப்போம். பிரசங்கம் நீங்க செய்யுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

பயம் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா என்னை எதிர்பார்த்திருப்பா. அவவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாசலில் ஏதோ ஜீப் வந்து நிற்கிறது, இராணுவமோ கலவரக்காரரோ. விளக்கை அணைக்கிறேன்.