பொட்டு வைத்த மூலை

சோமனூர்

அன்புள்ள பொற்கொடி கண்ணுக்கு,

இல்லை, சார்ஜ் போகவில்லை. நான்தான் போனை வைத்தேன். வெல்டிங் மேசைக்கு எப்போது பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டாய், வைத்துவிட்டேன். போனில் சொன்னால் மறுபடியும் நடுவில் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஓமன் வெயிலில் பாதுகாப்புச் சோதனைக்கென்று கப்பல் பட்டறை முழுக்க நடக்கிறவள், உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் நலம். அப்பாவின் வலது கை சோறு பிசையும் அளவுக்கு வந்துவிட்டது, இரண்டு விரல் மட்டும் இன்னும் மடங்கவில்லை. மடங்கும் என்கிறார் ஆர்.எஸ்.புரம் டாக்டர். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் நம்பவில்லை.

பத்தொன்பது நாளாக நான் யாரையும் நம்பவில்லை. டிரில்லிங் மெஷினில் கை வைத்த அப்பாவை அது தூக்கி எறிந்த நாளிலிருந்து. எலக்ட்ரீசியன் மூடியைக் கழற்றினார். எர்த்துக்குப் போகிற பச்சை ஒயர் உள்ளே அறுந்து கருகிக் கிடந்தது. பழைய மோட்டாரில் கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் மெஷின் உடம்பிலேயே நின்றிருக்கிறது, அப்பா தொட்டதும் அவர் வழியாகப் போயிருக்கிறது. எலக்ட்ரீசியன் சொல்லி முடிக்கவில்லை, எனக்குத் திருமலைசாமியின் முகம் வந்துவிட்டது. பதினோரு வருசம் நம் பட்டறையில் வெல்டிங் செய்தவன். அப்பா விழுவதற்குப் பத்து நாள் முன்புதான் என்னிடம் வந்து, "தனியா ஒரு பட்டறை போடலாம்னு இருக்கேனுங்கக்கா, அண்ணங்கிட்ட நீங்கதான் சொல்லோணும்" என்றான். நான் சொல்லவில்லை. நாம் படுத்துவிட்டால் நம் தறி ஸ்டாண்ட் வேலையெல்லாம் அவனுக்கு. அவன்தான் ஒயரை வெட்டியிருக்கிறான், எல்லாம் பொருந்தியது. பொருந்திய வேகம் எனக்கே பிடித்திருந்தது.

இனி வர வேண்டாம் என்றேன். "செரிங்கக்கா" என்றான். அவ்வளவுதான். செய்யாதவன் சத்தம் போட்டிருக்க மாட்டானா. வெல்டிங் முகமூடியை எடுக்காமல் போய்விட்டான், ஆணியில் தொங்குகிறது. திரும்பி வர ஒரு சாக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பூட்டை மாற்றினேன். பூட்டுக் கடைக்காரர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். மில் ஸ்டோர் அம்புஜத்திடம் சொன்னேன். இரண்டே பேர். இப்போது இங்கே எந்தப் பட்டறையும் அவனைச் சேர்ப்பதில்லையாம். அவன் மனைவி மாரியாத்தாள் சந்தையில் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பினாள். குற்றமுள்ளவள் நடை என்று அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு நீ ஒயரையும் பட்டறையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய். ஆபீசர் மாதிரி கேள்வி கேட்டாய், உன் மேலும் சந்தேகம் வந்தது, இவள் ஏன் அவன் பக்கம் நிற்கிறாள் என்று. "வெட்டுன ஒயர் இப்பிடி இருக்காதும்மா, இது வெந்த ஒயரு" என்றாய். வெல்டிங் கரண்ட் போனால் திரும்பி வர வேண்டும், அதற்குத்தான் அந்தத் தடித்த எர்த் கேபிள், அதன் கிளாம்ப் செய்கிற வேலையையே கடிக்க வேண்டும், வெறும் இரும்பைக் கடிக்க வேண்டும் என்றாய். நம் கிளாம்ப் ஷெட்டின் இரும்புத் தூணில் இருந்தது. மேசையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த நீளச் சட்டத்தின் ஒரு முனை டிரில்லிங் மெஷின் மேல் கிடந்தது. கேபிளுக்கு வர நேர்வழி இல்லாத கரண்ட் சட்டத்திலிருந்து மெஷினுக்கு ஏறி, அந்த மெல்லிய பச்சை ஒயர் வழியாகத் தூணுக்குப் போயிருக்கிறது. ஒயர் வெந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. அவன் எப்போதும் மேசை மூலையில்தானே மாட்டுவான், ஏன் தூணுக்குப் போனான் என்றாய். அதற்கப்புறம்தான் பெயிண்ட் கேள்வி.

ஆயுத பூசைக்கு முந்தின நாள். நான்தான் அடித்தேன். பச்சை எனாமல், இரண்டு கோட்டிங். கிளாம்ப் கடித்துக் கடித்து அந்த மூலை கையகலத்துக்குச் சொறி பிடித்த மாதிரி இருந்தது, அதற்கு மூன்றாவதாக ஒரு கோட்டிங். மேலே சந்தனம், குங்குமம். அவன் வந்து பார்த்தான். "ஏனுங்கக்கா, இந்த மூலையை மட்டும் உட்டிருக்கலாமுங்க. கொஞ்சம் சொரண்டிக்கிட்டுங்களா?" என்றான். "பொட்டு வெச்ச எடத்தைச் சொரண்டுவியா? உனக்குத்தான் நல்லதா அது?" என்று நான் கேட்டேன். சிரித்தேன்கூட. அவன் சுரண்டவில்லை. கிளாம்பை எடுத்துப் போய்த் தூணில் மாட்டினான்.

இதை அவன் வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். அப்பா கட்டிலில் கிடக்கும்போது, நீங்கதானுங்கக்கா என்று. சொல்லவில்லை. அதைத்தான் பத்தொன்பது நாளாகக் குற்றம் என்று படித்தேன்.

உங்களுக்கு இது தெரியுமா என்று அப்பாவிடம் கேட்டேன். சுவரைப் பார்த்தார். "பளபளன்னு இருந்துச்சு. நீ சந்தோசமா நின்னே புள்ள" என்றார். தூணில் மாட்டியதை அவரும் பார்த்திருக்கிறார். மூன்று பேரும் பார்த்திருக்கிறோம்.

நீ அங்கே யாரோ மாட்டிய கிளாம்பை மாட்டியாகிவிட்டது என்று கையெழுத்துப் போடாதே. குனிந்து பார். ஈரக் கையுறையோடு எவரையும் வேலைக்கு விடாதே. நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், அம்மாவே சொன்னாலும், ஒருமுறை சந்தேகப்படு. ஆனால் முதலில் ஒயரை, பிறகு ஆளை. சென்னிமலை முருகன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, வைக்க மாட்டேன்.

உன் அம்மா,
அன்புச்செல்வி

உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். மெயினை அணைத்தேன். உப்புத்தாளால் அந்த மூலையைத் தேய்த்தேன், குங்குமம் போயிற்று, பச்சை போயிற்று, இரும்பு வந்தது. முகமூடியைப் பையில் போட்டுக்கொண்டேன். பூட்டுக் கடையில் நின்று சொன்னேன், அம்புஜத்திடம் சொன்னேன். பிறகு திருமலைசாமி வீட்டுக் கதவைத் தட்டினேன்.