ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பாடியவர்கள்

இன்று காலை வண்டியை நிறுத்தி ஏ.சி.யை அணைத்த கொஞ்ச நேரத்திலேயே அந்த வாசனை எழுந்தது. சூடேறிய சீட் துணி, வியர்வை, நேற்றுச் சிந்திய கரக் டீ. உன்னோடு பாடிய காலைகளின் வாசனை. ஆனால் நான் பாட உட்காரவில்லை. துபாயில், அல் குசைஸ் ஆபீஸ் வாசலில், உன் மகளின் வாய்ஸ் மெசேஜுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அங்கிள், அப்பா பாடின ரெக்கார்டிங் எல்லாம் அனுப்புங்க ப்ளீஸ். எடிட் பண்ணாம. அப்படியே வேணும். நான் ஸ்டேஜ்ல பாடப் போறேன்."

மொத்தம் நாற்பத்து மூன்று இருக்கின்றன. நாற்பத்திரண்டை அப்போதே அனுப்பிவிட்டேன். மிச்சம் ஒன்றை மட்டும் இன்னும் அனுப்பவில்லை.

அஜ்மானில் நம் ரூமில் வாயைத் திறந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். அதனால் நம் ஸ்டூடியோ உன் கார்தான். துபாய்க்கு வேலைக்குப் போகும் காலை நெரிசலில் வண்டி ஊரும். நீ ஓட்டிக்கொண்டே பாடுவாய். முன்சீட்டில் கிடார் அடங்காது, ஆகவே நான் வாயாலேயே கிடார் வாசிப்பேன். லாரி இரைச்சலுக்காகக் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். ஏ.சி. இரைவதும் பதிவில் கேட்கும் என்று அதையும் அணைக்கச் சொன்னவன் நான். ஆகஸ்ட் மாதத்திலும் அதே சட்டம். டியூட்டிக்குப் போய்ச் சேரும்போது சட்டையோடு குளித்தவர்கள் மாதிரி இருப்போம். நம் குழுவுக்கு நீ 'நெரிசல்' என்று பெயர் வைத்ததும் அந்த ரோட்டில்தான்.

ஷார்ஜாவில் அந்த ஓட்டல் மாடியில் நம் முதல் மேடை நினைவிருக்கிறதா? சொந்தப் பாட்டு மட்டும் பாடுகிற நாலைந்து தமிழ்க் குழுக்கள். ஒரு குழு பாடினால் மற்ற குழுக்கள்தான் கூட்டம். நம்மை இடம் மாற்றி நிறுத்திவிட்டார்கள், நீ வலப்பக்கம், நான் இடப்பக்கம். இங்கே காரில் ஓட்டுபவர் இடப்பக்கம்; ஸ்டியரிங்கில் தாளம் போடும் உன் வலக்கையைப் பார்த்துத்தான் நான் பாட்டுக்குள் நுழைவேன். அன்று அந்தக் கை எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை தப்பாக நுழைந்தேன். முன்வரிசையில் ஒருவர் பொறுமையிழந்து, "ஒரு சினிமாப் பாட்டாவது பாடுங்க பாய்" என்றார். நீ மைக்கிலேயே, "கொஞ்சம் இருங்கண்ணே, டிரைவர் சீட்டு மாறிப்போச்சு" என்றாய். கூட்டம் சிரித்தது. இடம் மாறி நின்று பாடி முடித்தோம்.

அனுப்பாமல் வைத்திருந்த அந்தக் கடைசிப் பதிவு ஜூனில் எடுத்தது. நாம் செய்ததிலேயே நல்ல மெட்டு அதுதான். இரண்டாம் சரணத்துக்கு முன் நீ நிறுத்தினாய்.

"மாப்ள, ஏ.சி.யப் போடு. ஒரு மாதிரி இருக்கு."

"ரெண்டே நிமிஷம்டா. டேக் நல்லாப் போவுது."

எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவன் நீ. அன்று மறுபேச்சுப் பேசாமல் பாடினாய். ஒன்பதாம் நாள், வேலையிடத்தில், உன் இதயம் நின்றுபோனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருந்துவிட்டால்? டாக்டரிடம் கேட்கப் பயம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பேச்சு பதினோரு விநாடிதான் வரும். போன மாதமே அதை வெட்டி ஒரு நகல் செய்து வைத்துக்கொண்டேன். ஒட்டிய இடம் யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் நான் கெட்டிக்காரன், உனக்கே தெரியும். ஆனால் நான் இருமலை வெட்டினால்கூட உனக்குப் பொறுக்காது. "இருந்துட்டுப் போவட்டும்டா, இருமுனது நான்தானே" என்பாய். உன் மகளும் அதையே கேட்கிறாள். அவளிடம் வெட்டியதைக் கொடுத்து, அவள் அதைக் கேட்டுக் கேட்டுப் பாடப் பழகி, நான் கீழே உட்கார்ந்து கைதட்டுவதா? வெட்டாததை அனுப்பினேன். இன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் போன் செய்தாள்.

"அங்கிள், ரெண்டு நிமிஷம்னு சொல்றது உங்க வாய்ஸா?"

"ஆமாம்மா. நான்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"பாடி முடிச்சதும் ஏ.சி. போட்டீங்களா?"

"போட்டேன்மா" என்றேன். "ஓகே அங்கிள்" என்று வைத்துவிட்டாள்.

போனை வைத்ததும் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் கடைசி வரியோடு அது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. உடனே போட்டேனா, இல்லை, "இன்னொரு டேக் போவோம்டா" என்றேனா? அது உனக்குத்தான் தெரியும்.