கேலரிக்குக் கொடுத்த வாக்கு

நியூயார்க்,
நவம்பர் 1909

அன்புள்ள அம்மா,

உன் மூட்டுவலி தேவலையா? நான் குண்டுக்கல்லாக இருக்கிறேன். சுவரொட்டியில் என் பெயர் இரண்டாவது வரிக்கு ஏறிவிட்டது.

புது நாடகத்தில் நான், தாயைத் தனியே விட்டுவிட்டுக் கப்பலேறும் மகன். மேலே மலிவு டிக்கெட் கேலரி முழுக்க, என்னைப்போல் கப்பலேறி வந்த நம் கிளேர், கார்க் பக்கத்து ஆட்கள்தான். சனிக்கிழமை நான் மூட்டையைத் தூக்கியதும் ஓர் உருளைக்கிழங்கு பறந்துவந்து தோளில் விழுந்தது. பயப்படாதே, வேகவைத்தது.

"பெத்தவள விட்டுட்டு எங்கடா போற, நன்றி கெட்டவனே?" என்று மேலிருந்து ஒருவன் கத்தினான்.

நானும் விடவில்லை. "நீ மட்டும் உங்கம்மாவ இடுப்புல தூக்கிக்கிட்டா வந்த?" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "நான் மாசாமாசம் கடுதாசி போடுறேன். நீ போடுறியா?"

எனக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று, அம்மா. "நாளைக்கே போடுறேன்யா" என்றேன். அப்படியொரு கைதட்டலை இதுவரை நான் வாங்கியதில்லை. தினமும் அதையே சொல்லச் சொல்கிறார் முதலாளி. முடியாது என்றுவிட்டேன்.

சாம்பல்நிறக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பின்னி அனுப்பு. கடைச்சரக்கு இந்தக் குளிருக்குத் தாங்கவில்லை. நம் அடுப்புப் புகை ஏறியிருந்தால் துவைக்காமலே அனுப்பு.

மணி அடித்துவிட்டார்கள், மேடைக்கு ஓடுகிறேன். உடனே பதில் போடு. அந்தக் கேலரிக்காரன் சனிக்கிழமை தவறாமல் வருகிறவன். "அம்மா என்னடா எழுதியிருக்காங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான்.

உன் மகன்,
மலக்கி