ஒரே இடத்தில் ஆறு சிங்கங்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு நலம். மனசுதான் நலமில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் கையோடு ஒரு பதில் சொல்லிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே அது உனக்குக் கைவந்த கலை. இதற்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா சேர்த்த வெள்ளியைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ள, செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பூதக்கண்ணாடி வைத்தும் அப்பாவால் பொடி முத்திரைகளைப் படிக்க முடிவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சாமானையும் தடவிப் பார்த்தே எந்த ஆண்டு, யார் செய்தது என்று ஒப்பித்தார். வந்தவரும் தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஆறு கரண்டிகள் இருக்கும் பெட்டியைத் திறந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

சீமையில் செய்த அந்தக் கரண்டிகளின் பின்பக்கம் நான்கு முத்திரைகள் இருக்குமே. ஊரைக் காட்டும் சிறுத்தைத் தலை, தரத்தைக் காட்டும் சிங்கம், ஆண்டுக்கு ஓர் எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். எல்லாம் சுத்தியல் பிடித்துக் கையால் அடித்தவை. அதனால் ஒரு கரண்டியில் சிங்கம் கொஞ்சம் மேலே ஏறும், இன்னொன்றில் சரியும். அப்பா இதைச் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தாலே நீயும் நானும் காலை இடித்துக்கொண்டு சிரிப்போம். இப்போது ஆறிலும் சிங்கம் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒன்றை அச்செடுத்து ஆறாக வார்த்திருக்கிறார்கள், "எல்லாம் புதுசு சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஊரார் வெள்ளிக்கெல்லாம் அசல், போலி என்று தீர்ப்புச் சொன்ன உன் அப்பா, ஆறு கரண்டியையும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தடவிப் பார்த்தார்.

பெட்டியை மூடிவிட்டு, "இந்த வீட்டுக்குள்ள வேற யாரு வர்றா?" என்று கேட்டார். அவர் கேட்டது வீட்டு வேலைக்கு வருகிறவளை, நீ விசில் அக்கா என்று கூப்பிடுவாயே, அவளைத்தான். அவள் துடைக்கிற துணியோடு அங்கேயே நின்றிருந்தாள். "நான் ஏம்மா எடுக்கப்போறேன்?" என்று என்னிடம்தான் கேட்டாள். அலமாரிப் பக்கமே போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷமாக விசிலடித்துக்கொண்டே வேலை செய்தவள். காது வலிக்கிறது என்று நான் திட்டியதும் உண்டு. இந்த நான்கு நாளாக வந்து பெருக்கிவிட்டுச் சத்தமில்லாமல் போகிறாள். கோபித்துக்கொண்டு வராமல் இருந்தாலாவது தேவலாம்.

அப்பா தூங்கிய ஒரு மத்தியானம் பூதக்கண்ணாடியை எடுத்து நானே பார்த்தேன். சிங்கத்தை விடு. உனக்குப் பல் முளைத்த சமயம் நீ கடித்துக் கடித்து ஒரு கரண்டியின் விளிம்பைப் பள்ளமாக்கிவிட்டாய். அதற்காக அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பள்ளம் இப்போது ஆறு கரண்டியிலும் இருக்கிறது. நீ கடித்தது ஒன்றைத்தான்.

அந்தப் பெட்டி இந்த வாசலைத் தாண்டியது ஒரே தடவை. போன வருஷம் லீவில் வந்த நீ, உள்ளே வெல்வெட் கிழிந்திருக்கிறது, புதிதாக வைத்துத் தருகிறேன் என்று எடுத்துப் போனாய். மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தாய். வெல்வெட்டைக் குறை சொல்வதற்கில்லை.

வெல்வெட் ஒட்டியவனிடம் கரண்டிகள் மாறியிருக்கலாம். அப்படித்தான் என்று நீ சொன்னால் நான் நம்பிக்கொள்கிறேன். இப்போது எங்கே, யாரிடம் இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டு வா. எதற்காக என்று நான் கேட்க மாட்டேன், உன் மனைவியிடமும் விசாரிக்க மாட்டேன். ஆனால் ஒரு நெருக்கடி என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குப் போகவில்லை.

நேற்று அப்பா சொல்லச் சொல்லப் போலீஸுக்குப் புகார் மனு எழுதினேன். சந்தேகப்படும் நபர் என்ற இடம் வந்ததும் அவள் பெயரைச் சொன்னார். நான் அந்த இடத்தை விட்டுவிட்டு, எழுதியாயிற்று என்றேன். அவர் கண்ணை நான் ஏமாற்றியது அதுதான் முதல் தடவை. நம்பிக் கையெழுத்துப் போட்டார். மதிப்பீட்டாளரின் அறிக்கை வியாழக்கிழமை வருகிறது; வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்குப் போகிறோம். அங்கே மனுவை வாங்கிப் படிக்கிறவர், இந்த இடம் ஏன் காலி என்று கேட்காமல் விடமாட்டார். அவள் பெயரை நான் எழுத மாட்டேன், பெரியவனே. எனக்குத் தெரிந்த இன்னொரு பெயர், நீ பிறந்தபோது எல்லாரோடும் சண்டை பிடித்து நான் ஆசையாக வைத்தது.

அதை என் கையால் அங்கே எழுத வைத்துவிடாதே. வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா