மாப்பிள்ளை என்னும் நாயைக் குறித்து

அன்புள்ள மகளுக்கு,

இங்கே உன் அப்பா நலம். நானும் நலம் என்றே எழுதிவிடலாம், ஆனால் என் இதயம் அவ்வப்போது அதை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே நீ நலமா என்று கேட்பதற்கு முன் அந்த நாய் நலமா என்று கேட்பதுதான் முறை போலிருக்கிறது, ஏனென்றால் போன மாதம் நீ பேசிய அத்தனை தடவையும் உன் வாயில் முதலில் வந்தது அவன் பேச்சுதான். மாப்பிள்ளை இன்று சமர்த்தாகப் படுத்தான், மாப்பிள்ளை என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுகிறான், புது மருந்து போட்ட பிறகு மாப்பிள்ளையின் இதயத் துடிப்பு கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. ஊட்டிவிட்டால்தான் உண்பான் என்பதற்காக உங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்கள் வைத்த பெயர் பொருத்தமானதுதான். நான் ஒரு மாப்பிள்ளைக்காகக் காத்திருக்க, நீ நாலு கால் உள்ள ஒன்றைக் காட்டுவாய் என்று எதிர்பார்க்கவில்லை என்பது தனி விஷயம். எனக்கு அந்த நாய்மீது பொறாமையாக இருக்கிறது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "பொறாமை படறதுதான் படற, மனுஷங்களாப் பாத்துப் படேன்" என்றார். மனிதர்கள்மீது பட்டுப் பட்டு அலுத்துவிட்டது என்றேன்.

இனி என் செய்தி. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு தடதடக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்காக இதய மருத்துவர் என் மார்பில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே நடமாடச் சொன்னார். கல்லூரியில் உடலியல் கற்பித்த காலமெல்லாம் தவளையின் இதயத்தை எடுத்து உப்புநீரில் துடிக்கவிட்டு, புகைக்கரி படிந்த தாளில் அதன் துடிப்பை ஒரு முள் கிறுக்குவதை மாணவர்களுக்குக் காட்டியவள் நான். தவளையின் முறை எனக்கு வந்தது. மறுநாள் மருத்துவர், உன்னைவிட வயதில் சிறியவர், திரையில் ஓரிடத்தைத் தொட்டு, "சாயங்காலம் இங்க தாறுமாறா ஓடியிருக்கே, அப்ப என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். "சண்டையா?" என்றார். இல்லை, ஒரு நாயின் நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் செவிலிப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இனிமே நாயை விட்டுட்டு வேற எதாவது பேசுங்கம்மா" என்று அறிவுரை வேறு. ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்துக் காரணம் கற்பிக்கக் கூடாது என்று அவருக்குச் சொன்னேன். என் மாணவராக இருந்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். ஆனால் அந்தக் கோடுகளை நானும் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்வானேன், காரணம் அந்த நாய்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் தொடங்க விரும்பும் மாத்திரை, நீங்கள் சோதிக்கும் மருந்தின் இனத்தைச் சேர்ந்த பழைய ஒன்று. துடிப்பை நேராக்க வந்த மருந்தே சிலருக்கு அதை இன்னும் கெடுத்துவிடும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை; அதனால் முதல் சில நாட்கள் மருத்துவமனையில் படுக்க வைத்துக் கண்காணிக்க வேண்டுமாம், கூட ஒருவர் இருக்க வேண்டுமாம். உன் அப்பாவுக்கு வயரைக் கண்டாலே மயக்கம் வரும், பக்கத்துக் கட்டிலை அவருக்காகப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே உன்னை வரச் சொன்னேன். நீயோ, மருந்து கொடுக்கும் நாட்களில் மாப்பிள்ளையை நீ ஒருத்திதான் பிடித்துப் படுக்க வைக்கலாம், பழகாத கை பட்டால் பயத்திலேயே துடிப்பு ஏறிவிடும், நடுவில் ஆள் மாறினால் அவனிடம் எடுத்த அளவுகள் அத்தனையையும் தள்ளிவிட வேண்டும் என்றாய். சாக்கு என்று நினைத்தேன், நினைத்ததை அப்படியே சொல்லியும் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீயே அழைத்து, "சரிம்மா, அவனை வேற ஆள்கிட்ட விட்டுட்டு வரேன், டிக்கெட் போட்டுட்டேன்" என்றாய். தொலைபேசியை வைத்ததும், ஜெயித்துவிட்டேன் என்றேன். "யாரை?" என்றார் உன் அப்பா. நாயை என்றேன். அன்று முழுக்க எனக்கு ஒரே குஷி, அதை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் மீதியை யோசித்தேன். மாப்பிள்ளையின் அளவுகளைத் தள்ளிவிட்டால், அந்த எண்ணிக்கையை நிரப்ப இன்னொரு நாயைக் கொண்டுவருவீர்கள். அதன் நெஞ்சைத் திறந்து வயரை வைத்துத் தைப்பீர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தைக் கருவியால் வாரக்கணக்கில் விரட்டித் தாளம் தப்ப வைப்பீர்கள், பிறகு மருந்து. மாப்பிள்ளை இதுவரை பட்டதெல்லாம் குப்பைக்குப் போகும். நீ இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்னென்ன பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். ஆகவே டிக்கெட்டை ரத்து செய். பெரிய மனது என்று எண்ணிவிடாதே, அந்தச் சரக்கு என்னிடம் கிடையாது. ஆனால் உன்னோடு மூன்று நாள் இருப்பதற்கு இன்னொரு நாயின் நெஞ்சு விலை என்றால், எனக்குக் கட்டுப்படியாகாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார், மருத்துவமனையில் சேர்வது ஆய்வு முடிந்து நீ வரும்வரை பொறுக்கலாம் என்று மருத்துவரையே வாய் திறந்து சொல்ல வைத்துவிட்டேன்.

ஆய்வு முடிந்தபின் அவன் என்ன ஆவான் என்று நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இதயத்தை வெளியே எடுத்துத் திசுவைப் பார்க்காமல் இத்தகைய ஆய்வு முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலையில் தலைவலி என்று விடுப்புப் போட்டுவிடாதே. அந்தக் கடைசி ஊசி ஏறும்போது அவனைப் பிடித்திருப்பது உன் கையாக இருக்கட்டும், வேறு யார் பிடித்தாலும் பயப்படுவான். அதன்பிறகு உன் அறைக்குப் போய், தூங்க முடிந்தால் தூங்கி எழுந்து, கிளம்பி வா. இதனால் என் பொறாமை தணிந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே. இதை எழுதும் நிமிடத்தில்கூட அவன் உன் மடியில் தலை வைத்துக் கிடப்பான் என்று எண்ணினால் எனக்கு எரிகிறது.

நீண்ட ஆயுளும் நேரான துடிப்பும் உனக்கு அமையட்டும். வேளைக்குச் சாப்பிடு, ஆய்வுக்கூடத்து பிஸ்கட் சாப்பாடு ஆகாது. வரும் நாளில் சோப்புப் போட்டுக் கைகளை நன்றாகக் கழுவிவிட்டு வா. அவன் வாடையோடு என்னைத் தொடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா